ஆர்மீனிய உழவரின் பட்டா

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

சென்னைப் பாரிமுனைக்கு அருகில் அரண்மனைக்காரத் தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே அரண்மனை ஏதும் இல்லை. ஆர்மீனியன் தெரு என்று ஆங்கிலத்தில் வழங்கிய பெயர்தான் நம் மக்கள் நாவில் அரண்மனைக்காரத் தெருவாகிவிட்டது என்பர். 1772-இல் எழுந்த ஆர்மீனியர் மாதா கோவில் இன்றும் அங்கே நிற்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் வெளிவந்ததும் சென்னையில்தான். இவற்றையெல்லாம் பொது அறிவுக்காகப் படித்த நாளில், ஆர்மீனியர் என்றாலே பட்டும் மணியும் விற்ற செல்வ வணிகர் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது பிழை என்பதை ஒரு பழைய தாளின் படம்தான் எனக்கு உணர்த்தியது.

சென்னைக்கு வந்தவர்கள் பாரசீகத்துப் புதிய ஜுல்பா நகரத்து வணிகர் வழியினர். ஆனால் அக்காலத்தில் உதுமானியப் பேரரசின் (துருக்கியப் பேரரசு என்றும் நம் பாடநூல்கள் கூறும்) கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஆர்மீனியரில் பெரும்பாலோர் உழவர்கள். எர்சுரூம், வான், பித்லிஸ், தியார்பக்கிர், ஹர்புத், சிவாஸ் என்னும் பகுதிகளின் மலைச் சரிவுகளில் கோதுமையும் பார்லியும் விதைத்து, இடமுள்ள இடத்தில் திராட்சைக் கொடி வளர்த்து, ஆடுமாடு மேய்த்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய நிலத்துக்கு என்ன பத்திரம் இருந்தது, அந்தப் பத்திரம் என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர், பழம்பொருள் விற்பவர்களின் விலைப்பட்டியல் ஒன்றிலிருந்த படத்தை ஒருநாள் எனக்குக் காட்டினார். மேலே சுல்தானின் கொடிபோல் வளைந்த முத்திரை எழுத்து. அதன்கீழ் கட்டங்கள் அச்சிட்ட தாள். கட்டங்களுக்குள் அரபு எழுத்தில் கிறுக்கலான கையெழுத்து. ஆர்மீனியர் ஒருவருக்கு வழங்கப்பட்ட நிலப் பத்திரம் என்று படக்குறிப்பு கூறியது. “கணக்குப் பிள்ளைதானே நீ, இதில் எண்களையாவது படி பார்ப்போம்” என்றார். அரபு இலக்கங்கள் பத்தையும் அன்றிரவே எழுதிப் பழகினேன். மறுநாள் எனக்குப் படிக்க வந்தவை இரண்டே: 8, 1292.

முதல் எண் நிலத்தின் அளவு. 8 தோனும். ஒரு பக்கத்துக்கு நாற்பது நடை வீதம் நாற்பதுக்கு நாற்பது அளந்தால் வருவது ஒரு தோனும். ஏறத்தாழ 919 சதுர மீட்டர். நம் கணக்கில் 22 சென்டுக்குச் சற்று மேல். ஆகவே 8 தோனும் என்பது ஏறக்குறைய ஒரு ஏக்கர் 80 சென்ட். பெரும் பண்ணை அன்று. ஒரு குடும்பம் தானே உழுது தானே அறுக்கக்கூடிய துண்டு.

இரண்டாவது எண் ஆண்டு. இங்கேதான் எனக்குத் தடுமாற்றம். உதுமானியர் இரண்டு ஆண்டுக் கணக்குகளை வைத்திருந்தனர். சமயக் காரியங்களுக்குச் சந்திரனை ஒட்டிய ஹிஜ்ரி. வரி முதலிய அரசுக் காரியங்களுக்குச் சூரியனை ஒட்டிய ‘ரூமி’. இதில் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பிறக்கும். 1292 ஹிஜ்ரி என்றால் 1875. 1292 ரூமி என்றால் 584-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்; 1876. எது என்று எண் சொல்லாது. உடனிருக்கும் மாதப் பெயர்தான் சொல்லும். முஹர்ரம், சபர் என்று வந்தால் ஹிஜ்ரி. நிசான், தெம்மூஸ் என்று வந்தால் ரூமி. மாதத்தை என்னால் படிக்க முடியவில்லை. அதனால் இந்தத் தாளின் வயதில் ஓராண்டு எனக்கு இன்றும் சந்தேகம்.

இந்தப் பத்திரத்துக்குத் ‘தபு’ என்று பெயர். பட்டா என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். ஆனால் முற்றும் ஒன்றல்ல. 1858-இல் உதுமானிய அரசு ஒரு நிலச் சட்டம் இயற்றி நிலத்தை ஐந்து வகையாகப் பிரித்தது. முழு உரிமையுள்ள ‘முல்க்’. அறத்துக்கு எழுதி வைத்த வக்பு. பாதை, மேய்ச்சல் என்று பொதுவுக்கு விட்ட ‘மெத்ரூகே’. நம் புறம்போக்கு போல. யாரும் தொடாத தரிசான ‘மெவாத்’. ஐந்தாவதாக ‘மீரி’. விளைநிலத்தில் மிகப் பெரும்பகுதி இந்த மீரி வகைதான். இதில் நிலம் அரசுடையது. உழுது பயன்கொள்ளும் உரிமை மட்டும் குடியானவனுடையது. அந்த உரிமைக்குக் கொடுத்த சீட்டே தபு. 1859-இல் இதற்கெனத் தனி ஒழுங்குமுறைகளும் வந்தன.

உரிமை என்றால் எத்தகைய உரிமை? மகனுக்குப் போகும். 1847-க்குப் பின் மகளுக்கும் சம பங்கு போகும். இது அக்காலத்துக்கு வியப்பான செய்தி. விற்கலாம், ஆனால் அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி வீடு கட்டக்கூடாது. திராட்சைத் தோட்டம் போடக்கூடாது. மண்ணெடுத்துச் செங்கல் அறுக்கக்கூடாது. அந்நிலத்தில் இறந்தவரைப் புதைக்கவும் கூடாது. தக்க காரணமின்றி மூன்றாண்டு தொடர்ந்து உழாமல் போட்டால் நிலம் அரசுக்குத் திரும்பிவிடும். அரசு அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். இதற்கு மாறாக, பத்தாண்டு தடையின்றி ஒருவர் உழுதுவந்தால் சீட்டு இல்லாவிட்டாலும் அவருக்கு உரிமை உண்டு. இந்த மூன்றையும் பத்தையும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் நடந்தவற்றில் இவ்விரு எண்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

இனித் தபுச் சீட்டின் கட்டங்களுக்கு வருவோம். மாவட்டம், வட்டம், ஊர், நிலம் இருக்கும் இடத்தின் வழக்குப் பெயர், நஞ்சையா தோட்டமா என்பது போல் அதன் வகை, அளவு, மதிப்பு, உரியவரின் பெயர். பெயரோடு தந்தை பெயரும் வரும். முஸ்லிமானால் ‘இன்னார் பின் இன்னார்’. ஆர்மீனியர் முதலிய பிறரானால் ‘வெலெத்’ என்ற சொல். இரண்டுக்கும் மகன் என்பதே பொருள். ஆயினும் அந்த ஒரு சொல்லைக் கண்ட மாத்திரத்தில் பதிவேட்டைப் புரட்டும் எவரும் இது யார் நிலம் என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் என் மனத்தைப் பிடித்தது எல்லைக் கட்டம். தபுவோடு வரைபடம் கிடையாது. சர்வே எண் கிடையாது. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் தோட்டம், வடக்கே ஓடை, தெற்கே பாதை என்று நான்கு பக்கமும் எழுதியிருக்கும். நம் ஊர்ப் பத்திரங்களில் ‘செக்குபந்தி’ என்று எழுதுகிறார்களே, அதே முறைதான். உலகின் இரு மூலைகளில் நிலத்தை ஒரே விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவனுடைய வயல் எங்கே இருக்கிறது என்பதற்கு அவனுடைய அண்டை வயல்காரர்களே சாட்சி. அவர்களுடைய சீட்டில் இவன் பெயர் எல்லை. இவன் சீட்டில் அவர்கள் பெயர் எல்லை. ஊரில் எல்லோருடைய சீட்டையும் சேர்த்து வைத்தால், கோடு ஒன்றும் கிழிக்காமலே ஊரின் வரைபடம் கிடைத்துவிடும். கணிதம் படிப்பவனாகையால் இதை எண்ணி எண்ணி மகிழ்ந்தேன். இதிலுள்ள ஆபத்து பிறகுதான் புலப்பட்டது.

சீட்டின் மூலப் பதிவு தலைநகர் இஸ்தான்புல்லில் இருந்தது. ‘தெஃப்தெர்ஹானே’ என்னும் பதிவேட்டு மாளிகையில் எல்லா மாகாணக் கணக்கும் சேர்ந்தன. குடியானவன் கையில் இருந்தது அதன் சான்று மட்டுமே. அச்சான்று எழுதப்பட்ட மொழி உதுமானியத் துருக்கி. எழுத்து அரபு எழுத்து. ஆர்மீனியருக்குத் தம் மொழிக்கென்றே முப்பத்தெட்டு எழுத்துகள் உண்டு. தன் ஊர்ப் பள்ளியில் அவற்றைக் கற்ற ஆர்மீனிய உழவனுக்கும் தன் நிலச் சீட்டைப் படிக்க வராது. கற்காதவன் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

இந்த இடத்தில் என் தாத்தாவைப் பற்றி இரண்டு வரி எழுத அனுமதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடமானம் என்று நம்பி அவர் கைநாட்டு வைத்த தாள் கிரயப் பத்திரம் என்பது, பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றுதான் தெரிந்தது. அறுபது சென்ட் புன்செய். நாட்டுக்கு நாடு வேறுபாடு இருந்தாலும், தன்னால் படிக்க இயலாத தாளை நம்பி வாழ்வது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆர்மீனிய உழவரிடமிருந்து நிலம் கைமாறத் தொடங்கியதும் பெரும்பாலும் கடனால்தான். விதைக்கும் வரிக்கும் பணம் வேண்டும், வட்டியோ கடுமை. பணம் திரும்பினால் நிலம் திரும்பும் என்ற நிபந்தனைக் கிரயம் ஒன்று அங்கும் சட்டத்தில் இருந்தது. பணம் திரும்பாவிடில் நிலமும் திரும்பாது. இன்னொரு பக்கம், கிழக்கு மாகாணங்களில் ஆயுதம் தாங்கிய குர்து இனக்குழுத் தலைவர்களும் ஊர்ப் பெரியதனக்காரரும் நேரடியாகவே நிலத்தை எடுத்துக்கொண்டனர். ஆர்மீனிய உழவனுக்கு ஆயுதமும் இல்லை. நீதிமன்றத்தில் அவன் சொல்லுக்கு எடையும் குறைவு. இஸ்தான்புல்லில் இருந்த ஆர்மீனியத் தலைமைக் குருபீடம் 1872-இலேயே மாகாணக் கொடுமைகளைத் தொகுத்து அரசுக்கு அறிக்கை அளித்தது. 1878-இல் பெர்லின் உடன்படிக்கையின் 61-ஆம் விதியில், ஆர்மீனியர் வாழும் மாகாணங்களில் சீர்திருத்தம் செய்வதாக அரசு வாக்களித்தது. வாக்கு வாக்காகவே நின்றது. 1891-இல் குர்து இனக்குழுக்களைக் கொண்டே ஹமீதியே என்னும் குதிரைப் படைகள் அமைக்கப்பட்டன. நிலம் பறித்தவன் தோளில் அரசுச் சீருடையும் ஏறிற்று.

1894 முதல் 1896 வரை பெரும் படுகொலைகள் நிகழ்ந்தன. உயிர் தப்பியவர்களில் பலர் ருஷ்ய எல்லை கடந்தும் கடல் கடந்தும் ஓடினர். ஓடியவனுடைய வயலை யார் உழுவது? மூன்றாண்டு கழிந்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டுமானால், சட்டத்தில் இதற்கும் ஒரு பாதுகாப்பு இருக்கத்தான் செய்தது. தக்க காரணத்தால் ஊரைவிட்டுப் போனவர் நிலம் பறிபோகாது. ஆனால் அந்தக் காரணம் நீங்கி மூன்றாண்டுக்குள் திரும்ப வேண்டும். அச்சம் எந்த ஆண்டு நீங்கியது என்று யார் தீர்மானிப்பது? நிலம் அரசுக்குத் திரும்பியதாக எழுதப்பட்டது. பால்கனிலும் காகசஸிலும் போரால் வீடிழந்து வந்த முஸ்லிம் அகதிகளும் இத்தகைய நிலங்களில் குடியேற்றப்பட்டனர். அவர்களும் எங்கோ ஒரு நிலத்தை இழந்து வந்தவர்கள் என்பதை மறக்கலாகாது.

1908-இல் அரசியலமைப்பு மீண்டும் உயிர்பெற்றபோது ஓடியவர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினர். கையில் பழைய தபு. வயலில் வேறொருவர். வழக்குத் தொடுத்தால் இப்போது இரண்டாவது எண் குறுக்கே வந்தது. மீரி நிலத்தில் பத்தாண்டு கடந்த வழக்கு செல்லாது. 1895-இல் பறிபோன நிலத்துக்கு 1908-இல் வழக்காடினால் பதின்மூன்று ஆண்டு. வன்முறைக்கு அஞ்சி வாளாவிருந்த காலம் கணக்கில் சேராது என்ற விலக்கும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் அச்சத்துக்குப் பத்திரம் ஏது? அதை எப்படி மெய்ப்பிப்பது? குருபீடம் குழு அமைத்து, ஊர் ஊராகப் பறிபோன நிலங்களைப் பட்டியலிட்டு 1910 முதல் 1912 வரை அறிக்கைகள் வெளியிட்டது. 1914 பிப்ரவரியில் வல்லரசுகளின் அழுத்தத்தால் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அயல்நாட்டார் இருவர் தலைமை ஆய்வாளர்களாக வருவர். நிலத் தகராறுகள் அவர்கள் நேரடிப் பார்வையில் தீரும். ஒருவர் ஹாலந்துக்காரர், மற்றவர் நார்வேக்காரர். நார்வேக்காரரான ஹோஃப் கோடையில் வான் நகரம் வரை வந்தும் சேர்ந்தார். உலகப் போர் மூண்டது. வந்த வழியே திரும்பினார்.

1915-இல் ஆர்மீனியரை ஊர் ஊராகக் கிளப்பிச் சிரியப் பாலைவனம் நோக்கி அனுப்பினர். வழியிலும் முடிவிலும் மாண்டவர் தொகையை ஆறு இலட்சத்திலிருந்து பதினைந்து இலட்சம் வரை பலவாறு கணக்கிடுகின்றனர். பல நாடுகள் இதனை இனப்படுகொலை என்று ஏற்றுள்ளன. துருக்கி அரசு அச்சொல்லை மறுக்கிறது. என் கட்டுரை பத்திரத்தைப் பற்றியதாகையால் அதனோடு நிற்கிறேன். 1915 ஜூன் 10-இல் வந்த ஒழுங்குமுறையின்படி ‘கைவிடப்பட்ட சொத்துக்’ குழுக்கள் அமைந்தன. வீடு, நிலம், பண்டம், விளைந்து நின்ற பயிர் எல்லாவற்றையும் பதிவு செய்வதும், அகதிகளைக் குடியேற்றுவதும், மற்றதை ஏலம் போடுவதும் அவற்றின் வேலை. ஏலத் தொகையை உரியவர் பெயரில் வரவு வைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது! செப்டம்பர் 26-இல் வந்த தற்காலிகச் சட்டம் சொத்துகளைக் கணக்குத் தீர்த்து முடிக்க வழிசெய்தது.

இங்கே ஒரு சொல் விந்தை. புறம்போக்குக்கு 1858 சட்டம் இட்ட பெயர் ‘மெத்ரூகே’, அதாவது விடப்பட்டது, என்று மேலே சொன்னேன். 1915-இலும் அதே சொல்தான். ஊர் மக்கள் எல்லோருக்கும் என்று விட்ட நிலத்துக்கும், துப்பாக்கி முனையில் விட்டுப்போன நிலத்துக்கும் ஒரே பெயர். உதுமானிய மேலவையில் அகமது ரிஸா என்ற உறுப்பினர் இதை அப்போதே எதிர்த்தார். உரியவர்கள் தாமாக விட்டுப்போகவில்லை. ஆகவே கைவிடப்பட்டது என்று சொல்வதே சட்டப்படி செல்லாது என்பது அவர் வாதம். துருக்கியர் ஒருவரே, போர்க்காலத்தில், தம் அரசின் முகத்துக்கு நேரே இதைச் சொன்னார் என்பதை நான் மதிப்போடு குறிப்பிட விரும்புகிறேன். அவர் பேச்சு சட்டத்தை நிறுத்தவில்லை.

போரில் தோற்ற இஸ்தான்புல் அரசு 1920 ஜனவரி 8-இல் சொத்துகளைத் திருப்பித் தர ஆணையிட்டது. அங்காராவில் எழுந்த புதிய அரசு 1922 செப்டம்பரில் அதை நீக்கியது. 1927 மே மாதச் சட்டம் ஒன்று, விடுதலைப் போரில் பங்குகொள்ளாமல் வெளிநாட்டில் தங்கி, 1923-க்குப் பின்னும் திரும்பாதவர்களின் குடியுரிமையை நீக்க வழிசெய்தது. குடியுரிமை போனபின் நிலவுரிமை கேட்பது யாரிடம்? 1928 நவம்பரில் எழுத்தும் மாறியது. துருக்கி மொழிக்கு இலத்தீன் எழுத்து வந்தது. அதன்பின் பிறந்த துருக்கியக் குழந்தைக்கும் தன் பாட்டனின் தபுவைப் படிக்கத் தெரியாது. ஆர்மீனிய உழவன் நிலைக்கு நாடே வந்து சேர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எல்லைக் கட்டத்தின் ஆபத்து என்று மேலே சொன்னது இதுதான். கிழக்கே ஒரு கிர்கோர், மேற்கே ஒரு சர்கிஸ் என்று மாதிரிக்கு வைத்துக்கொள்வோம். ஒருவன் நிலம் பறிபோனால் நான்கு அண்டையார் சாட்சி சொல்வர். ஊரே போய்விட்டால்? கிர்கோர் நிலம் எங்கே என்று சர்கிஸின் சீட்டைக் கேட்க வேண்டும். சர்கிஸின் நிலத்துக்குக் கிர்கோரின் சீட்டைக் கேட்க வேண்டும். ஒரு சமன்பாட்டிலும் எண் இல்லாமல் மாறிகள் மட்டும் இருந்தால் தீர்வு காண முடியாதல்லவா, அதைப்போல. ஓடையும் பாதையும் மட்டும் மாறிலிகள். பல ஊர்களின் பெயர்களையே பின்னாளில் மாற்றிவிட்டதால் அந்தப் பிடியும் தளர்ந்தது.

ஆயினும் இஸ்தான்புல் பதிவேடுகள் அழியவில்லை. அவை இன்று அங்காராவில் நிலப்பதிவுத் தலைமையகத்தின் பழைய பதிவுக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றிப் பொதுமக்கள் பார்வைக்கு விடுவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, 2005 ஆகஸ்டில் அந்நாட்டுத் தேசியப் பாதுகாப்பு மன்றம் வேண்டாம் என்று கடிதம் எழுதியது. மறு ஆண்டு அது செய்தித்தாளில் வெளிவந்தது. இனப்படுகொலைக் குற்றச்சாட்டுக்கும் சொத்துரிமைக் கோரிக்கைக்கும் அவை பயன்படக்கூடும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. செல்லாத தாள் என்றால் இவ்வளவு கவலை ஏன் என்று வரலாறு படிக்காத எனக்கும் கேட்கத் தோன்றுகிறது.

வெளிநாட்டு நீதிமன்றங்களிலும் முயன்று பார்த்தார்கள். அதானாவை அடுத்த இன்ஜிர்லிக்கில் அமெரிக்கப் படைகளும் பயன்படுத்தும் விமானத்தளம் ஒன்று இருக்கிறது. அது அமைந்த நிலத்தில் ஒரு பகுதி தம் முன்னோருடையது என்று ஆர்மீனிய வழியினர் சிலர் 2010-இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காலவரம்பு கடந்துவிட்டது என்பதே காரணம். சட்டம் வேறு, நாடு வேறு, நூற்றாண்டு வேறு. தடை அதே தடை. 2015-இல் சிலிசிய ஆர்மீனியத் திருச்சபை, துருக்கியின் கோசான் நகரில் இருந்த தன் பழைய தலைமைப்பீடத்தைத் திருப்பிக் கேட்டு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்தை அணுகியது. அதுவும் கைகூடவில்லை.

பேராசிரியரிடம் படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, இத்தாளின் விலை எவ்வளவு என்று கேட்டேன். முத்திரையின் அழகையும் தாள் கிழியாமல் இருப்பதையும் பொறுத்து விலை என்றார். 8 தோனுமா 80 தோனுமா என்று யாரும் பார்ப்பதில்லையாம். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அந்த மாதப் பெயரைப் படிக்கும் அளவுக்காவது அரபு எழுத்துகளைக் கற்றுக்கொள்ள எண்ணியிருக்கிறேன். அப்பா தகரப் பெட்டியிலிருந்து எங்கள் மிச்சப் பத்திரங்களையும் எடுத்து வைத்திருக்கிறாராம், படித்துச் சொல்ல.